ஏரிகளின் தொடர்பும் நிலைமையும் ஒரே படத்தில் காட்டப்படுதல் வேண்டும்

ஏரிப் பாசனத்திற்குட்பட்ட கிராமங்களில் நிலமுடையோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. எந்த ஏரியும் தனித்து நிற்பதன்று. மேலேரியின் கலங்கலில் வழிந்த நீரே கீழேரியின் வரவாகின்றது. கீழேரி கோடி போனால் அதற்கும் கீழுள்ள ஏரி பெருகுகின்றது. கடைசி ஏரியின் உபரி ஆற்றைச் சேருகின்றது. மேலேரியின் கரை உடைந்தால் கீழேரியின் கரைக்கு ஆபத்து. கீழேரியின் கலங்கலை உயர்த்தினால் மேலேரி ஆயக்கட்டின் கடைப்பற்று நிலம் முழுகும். இவ்வுண்மையை அறியாத குடியானவர் இலர். ஆயினும் சர்க்கார் கணக்குகளிலும், மழைக்காலத்தில் நாள்தோறும் வெளியிடப்படும் நிலைமைக் குறிப்புகளிலும் ஏரியானது தனியொரு பொருளாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கும் முறை அவற்றில் எங்கும் விளங்கக் காணோம்.

செங்கற்பட்டு ஜில்லாவில் நீர்வள இலாகாவின் பொறுப்பிலுள்ள ஏரிகள் 528 ஆகும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் இவற்றுள் முழுதும் நிரம்பியவை எத்தனை, முக்காலுக்கு மேல் நிரம்பியவை எத்தனை, அரைக்கு மேல் எத்தனை, காலுக்குக் கீழ் எத்தனை என்று தொகை கூறப்படுகின்றது. இத்தொகை பொய்யன்று, பயனற்றதுமன்று. ஆனால் கிராமத்தில் இருப்பவனுக்கு இதனால் விளங்குவது சொற்பமே. நிரம்பிய ஏரிகள் நூறு என்று வைத்துக்கொண்டால், அந்நூறும் ஜில்லா முழுவதும் சிதறிக் கிடப்பனவா, அன்றி ஒரே தொடரில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பனவா என்பதைத் தொகை கூறாது. சிதறிக் கிடப்பின் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஒரே தொடரில் நிற்பின், அடுத்த பெருமழையன்று அத்தொடரின் கடைசியிலுள்ள ஊர் இரவில் விழித்திருக்கவேண்டிய செய்தி. தொகை ஒன்றே, பொருள் இரண்டு.

மத்திய சர்க்காரின் ஜல சக்தி அமைச்சகம் 2023-ல் வெளியிட்ட நீர்நிலைகளின் முதற் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் 24,24,540 நீர்நிலைகளும், தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகளும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. இது பெரு முயற்சியே. எனினும் நீர்நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது ஒரு வேலை. அவற்றைக் கோக்கும் நூலைக் காட்டுவது மற்றொரு வேலை. இரண்டாவது வேலை இன்னும் கிராம அளவில் செய்யப்படவில்லை. ஏரிகளின் சார்பும் அன்றன்றைய நிலைமையும் ஒரே தாளில், ஒரே பார்வையில் புலப்படும்படி வரையப்பட்டு, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்படுதல் வேண்டும்.

பீர்க்கன்கரணை காட்டும் பாடம்

தாம்பரத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்துள்ள பீர்க்கன்கரணை, முன்னர் ஏரியும் நஞ்சையும் உடைய கிராமமாயிருந்து, பின்னர் டவுன் பஞ்சாயத்தாகி, 2021-ல் தாம்பரம் கார்ப்பரேஷன் ஏற்பட்டபொழுது அதனுடன் சேர்க்கப்பட்டது. அங்கு ஏரி இன்றும் இருக்கின்றது. அதன் நீரால் விளைந்த நிலங்களோ மனைக்கட்டுகளாகிவிட்டன. மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்பாரில்லை. முறை வைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியும் இல்லை. பாசனம் ஒழிந்தமையால் அவ்வேரியைப் பற்றி விவசாயிகள் கவலையுற வேண்டியதில்லை என்று தோன்றலாம். அஃது தவறு.

வண்டலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களினின்று இறங்கும் மழைநீர், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் முதலிய ஏரிகளில் தங்கி, அவற்றின் உபரியானது மேற்கே முடிச்சூர்ப் பக்கமாகச் சென்று அடையாற்றில் கலக்கின்றது. இவ்வட்டாரத்தை ஜி.எஸ்.டி. சாலையும் இரயில் பாதையும் வடக்குத் தெற்காக ஊடறுத்துச் செல்கின்றன. ஆகையால் கிழக்கேயிருந்து அடையாற்றை நோக்கி வரும் நீர் முழுவதும் இவ்விரண்டின் அடியிலுமுள்ள சிறுபாலங்களின் வழியே புகுந்தே செல்லவேண்டும். அடையாறோ ஆதனூர் ஏரிப் பக்கத்தில் தொடங்கி, மணிமங்கலம் முதலான ஏரிகளின் உபரியையும் ஏற்று, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, அப்பால் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் பெற்று, சென்னை நகரின் ஊடே சென்று கடலில் விழுகின்றது.

இத்தொடரில் மேற்பாதியில் இன்றும் உழுது பயிரிடும் மிராசுதார்கள் உளர். கீழ்ப்பாதியில் வீடு கட்டி வாழ்வோர் உளர். பீர்க்கன்கரணை ஏரியில் பாசனம் என்ற பயன் மறைந்தது; தொடர்பு மறையவில்லை. மதகின்கீழ் நஞ்சை வைத்திருந்தவர்கள் அந்த ஏரியைச் சார்ந்திருந்த காலம் போய், கலங்கலின்கீழ் வீடு வைத்திருப்பவர்கள் அதைச் சார்ந்திருக்கும் காலம் வந்திருக்கின்றது. முன்னவர்களுக்குத் தாம் சார்ந்திருப்பது தெரியும். ஆதலால் கரையைக் காத்தனர், வரத்துக்காலை ஆண்டுதோறும் வெட்டினர். பின்னவர்களுக்கு அது தெரியாது. நீர் வாசற்படியில் ஏறிய அன்றுதான் தங்கள் தெரு ஒரு வாய்க்காலின்மீது அமைந்தது என்பதை அவர்கள் அறிகின்றனர்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதியும் மறுநாள் காலையும் சேர்ந்து தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியினின்று திறக்கப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் முழுகின. இவ்விரண்டு ஊர்களும் செம்பரம்பாக்கத்தின் நீர் அடையாற்றில் வந்து சேரும் இடத்திற்கு மேலே இருப்பவை என்பது கவனிக்கத்தக்கது. அவற்றைத் தாக்கியது முக்கியமாக ஆதனூர், மணிமங்கலம், வண்டலூர் முதலிய பக்கங்களிலிருந்து பல சிற்றேரிகளின் வழியே ஒருங்கு திரண்டு வந்த நீராகும். செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் பத்திரிகைதோறும் எழுதப்பட்டது. அடையாற்றுக்கு நீர் தந்த சிற்றேரிகளில் எது நிரம்பிற்று, எது உடைந்தது, எது எதன்மேல் விழுந்தது என்பதை ஒருசேர அறிந்து முடிச்சூரில் இருந்தவனுக்கு முன்கூட்டிச் சொல்லவல்ல படம் எவர் கையிலும் இல்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, அவ்வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதன் காரணங்கள் பல. அவற்றுள், தொடரைக் காணாமல் தனி ஏரியைக் கண்ட குறையும் ஒன்றாக எண்ணத்தக்கது.

கணிப்பொறித் துறையார் கண்ட வழி

இதே சங்கடம் வேறொரு துறையிலும் நேர்ந்து, அங்கு அதற்குப் பரிகாரமும் தேடப்பட்டிருக்கின்றது. அது கணிப்பொறித் துறையாகும். ஒரு பெரிய பாங்கியிலோ இரயில்வே டிக்கெட் அலுவலகத்திலோ ஆயிரக்கணக்கான இயந்திரங்களும், அவற்றில் ஓடும் ஏற்பாடுகளும், அவற்றை இணைக்கும் கம்பிகளும் இருக்கின்றன. டிக்கெட் கொடுக்கும் ஏற்பாடு கணக்கு வைக்கும் ஏற்பாட்டைச் சார்ந்தது. அது ஸர்வர் என்னும் இயந்திரத்தைச் சார்ந்தது. அந்த இயந்திரம் கம்பித் தொடர்பையும் மின்சாரத்தையும் சார்ந்தது. இவற்றின் விவரத்தை ஒழுங்காக எழுதி வைத்து, மாற்றங்களைக் கட்டுக்குள் வைப்பதற்கு அமைப்பு நிர்வாகம் என்று பெயர். இம்முறை முதலில் அமெரிக்க இராணுவத் தளவாடங்களுக்கு ஏற்பட்டு, பின்னர் 1980-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சர்க்கார் தம் அலுவலகங்களின் கணிப்பொறிகளுக்கென வகுத்த விதித் தொகுப்பில் முக்கிய இடம் பெற்று, உலகெங்கும் பரவிற்று.

இம்முறையில் எழுதப்படுபவை மூன்று. முதலாவது, உறுப்புக்கள். இரண்டாவது, எந்த உறுப்பு எதைச் சார்ந்தது என்னும் தொடர்பு. மூன்றாவது, ஒவ்வோர் உறுப்பின் அப்பொழுதைய நிலைமை. இம்மூன்றையும் பட்டியலாக மட்டும் வைத்திருந்தால் ஆபத்துக் காலத்தில் உதவாது என்பதை அத்துறையார் அனுபவத்தில் கண்டனர். ஓர் இயந்திரம் நின்றால், அதைச் சார்ந்த நூறு ஏற்பாடுகளும் ஒருங்கே அபாய மணி அடிக்கும். பட்டியலைப் பார்ப்பவனுக்கு நூறு பழுதுகள் தோன்றும். உண்மையில் பழுது ஒன்றே. ஆதலால் உறுப்புக்களை வட்டங்களாகவும், சார்பை அம்புக் கோடுகளாகவும் வரைந்து, நலமாயிருப்பதைப் பச்சையாலும், கவலைக்குரியதை மஞ்சளாலும், நின்றுபோனதைச் சிவப்பாலும் காட்டலாயினர். சிவப்பு வட்டங்கள் பல தோன்றினும், அம்புகளைப் பின்பற்றிச் சென்றால் அவை எந்த ஒன்றில் சென்று கூடுகின்றனவோ அதுவே மூலம் என்பது உடனே விளங்கும்.

இப்படங்களை வரையும் மென்பொருள்களை ஆக்கி உலகெங்கும் விற்பனை செய்யும் கம்பெனிகளுள் ஒன்று பீர்க்கன்கரணைக்குச் சில மைல் தெற்கே, அதே ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியின் அருகே தலைமை அலுவலகம் வைத்திருக்கின்றது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயருடன் தொடங்கி, இப்பொழுது ஸோஹோ எனப்படும் கம்பெனியே அது. உலகத்தின் கணிப்பொறிகளுக்குச் சார்புப் படம் வரையும் தொழில் நடைபெறும் வட்டாரத்தில், அவ்வட்டாரத்து ஏரிகளுக்கு அத்தகைய படம் கிராமத்தாரிடம் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

சார்பை மறந்ததால் நேரும் கேட்டிற்கு ஓர் உதாரணம் கூறலாம். 2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ஆம் தேதி பேஸ்புக் கம்பெனியார் வழக்கமான பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தனர். அப்பொழுது பிறப்பிக்கப்பட்ட ஒரு கட்டளையால், அவர்களுடைய கணிப்பொறி நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு போன்ற தொடர்புகள் யாவும் அறுந்தன. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவியும் பழுதுற்றிருந்தது. முகவரி கூறும் ஸர்வர்கள் நல்ல நிலையிலேயே இருந்தன. ஆனால் நிலையங்களை எட்ட இயலாதபோது தாமே உலகத்தின் பார்வையினின்று விலகிக்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன, அவ்வாறே விலகிக்கொண்டன. பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளும் அதே தொடர்பைச் சார்ந்தவையாதலால் அவையும் உதவவில்லை. சுமார் ஆறு மணி நேரம் பேஸ்புக்கும் வாட்ஸாப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் நின்றன. ஏரிக் கரை நன்றாயிருந்தும் வரத்துக்கால் அடைபட்டதால் ஏரி வறண்டதற்கும், உடைப்பை அடைக்கச் செல்லும் வண்டிப் பாதையே அவ்வுடைப்பில் முழுகியதற்கும் இது ஒப்பாகும்.

பழைய எஞ்சினீயர்களும் இதையறிவர்

ஏரிகளின் சார்பைக் கணக்கிடுதல் புது வழக்கமன்று. சென்னை மாகாணத்தில் 1883-ல் தொடங்கிய ஏரிப் புனருத்தாரணத் திட்டத்தில், ஏரிகள் வடிநிலம் வடிநிலமாகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வோர் ஏரியின் கரை, கலங்கல், மதகு, ஆயக்கட்டு ஆகியவை குறிப்பேடுகளில் எழுதப்பட்டன. வெள்ள அளவைக் கணக்கிட 1884-ல் ரைவ்ஸ் என்பார் வகுத்த சூத்திரம் இன்றும் வழங்குகின்றது. அதனைத் தொடர் ஏரிகளுக்குப் பொருத்தும் முறை மிக்க கருத்துடையது. ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதற்கும் உரிய வெள்ளத்தை முதலில் கணக்கிட்டு, மேலேரிகள் மறித்து நிறுத்தும் பரப்பிற்காக ஒரு பகுதியைக் கழித்து, மிகுந்ததற்குத் தக்கபடி கலங்கலின் நீளம் நிர்ணயிக்கப்படும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். கடற்கரைக்கு அண்மையிலுள்ள பிரதேசத்திற்கு வழங்கும் குணகம் 450 ஆகும். ஓர் ஏரியின் மொத்த நீர்வரவுப் பரப்பு 8 சதுர மைல் எனின், வெள்ளம் வினாடிக்கு 1,800 கன அடியாகும். அதில் 5 சதுர மைலை மேலேரிகள் மறிக்கின்றனவெனின், கழிவுக்குரிய குணகத்தை மூன்றில் ஒரு பங்காகிய 150 என்று கொண்டு, சுமார் 440 கன அடி கழிக்கப்படும். மிகுதி சுமார் 1,360 கன அடி. கீழேரியின் கலங்கல் இவ்வளவிற்கே கட்டப்பட்டிருக்கும். பின்னொரு காலத்தில் மேலேரிகள் தூர்ந்தோ, மனைகளாகியோ, கரை அழிந்தோ போயின என்று வைத்துக்கொள்க. அப்பொழுது கழிவு என்பது இல்லை. 1,800 கன அடியும் கீழேரியின்மேல் வரும். அதாவது கலங்கல் தாங்கவேண்டியதைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதிகம். கீழேரியில் ஒரு கல்லும் பெயரவில்லை. அதன் குறிப்பேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் அந்த ஏரி ஆபத்தான ஏரியாகிவிட்டது. தனி ஏரியின் நிலைமையைப் பார்ப்பவனுக்கு இது தெரிய வழியேயில்லை. தொடரைப் படமாகப் பார்ப்பவனுக்கோ, மேலே ஒரு வட்டம் அழிக்கப்பட்டவுடன் கீழேயுள்ள வட்டத்தின்மேல் கண் செல்லும்.

இலங்கையின் வறண்ட பிரதேசத்திலும் குளங்கள் இவ்வாறே தொடராக அமைந்துள்ளன. அவற்றை எல்லங்காவ என்று சிங்களத்தில் வழங்குவர். மத்தும பண்டார என்னும் பூகோள நிபுணர் 1985-ல் இத்தொடரையே ஓர் அலகாகக் கொண்டு ஆராயவேண்டும் என்று காட்டிய பின்னர், தனிக் குளத்தைச் செப்பனிடுதல் போதாது என்னும் எண்ணம் அங்கு வலுப்பெற்றது.

படம் வரையும் முறை

இப்படத்திற்குப் பெருஞ் செலவோ, கணிப்பொறியோகூட இன்றியமையாததன்று. ஒரு பெரிய தாளும், மூன்று வர்ணப் பென்சில்களும், ஊர்ப் பெரியோர் நால்வரும், புல எண் வரைபடமும் இருந்தால் ஆரம்பிக்கலாம். அனுசரிக்க வேண்டிய விதிகள் வருமாறு:

1. ஏரிகளை மட்டுமன்றி, அவற்றை இணைக்கும் வாய்க்கால்களையும் தனித்தனி உறுப்பாகக் கொள்க. சாலை, இரயில் பாதை ஆகியவற்றின் அடியிலுள்ள ஒவ்வொரு சிறுபாலமும் ஓர் உறுப்பே. கேடு பெரும்பாலும் ஏரியில் தொடங்குவதில்லை. இரண்டு ஏரிகளுக்கு இடையில், எவர் கணக்கிலும் தெளிவாக வராத இடத்திலேயே தொடங்குகின்றது.

2. ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் பொறுப்பாளர் இன்னார் என்று எழுதுக. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வள இலாகாவையும், அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியனையும் சேர்ந்தவை என்பது பொது வழக்கம். கார்ப்பரேஷன் எல்லைக்குள் வந்த நீர்நிலைகளிலும், நெடுஞ்சாலை, இரயில்வே இலாகாக்களின் பாலங்களிலும் பொறுப்பு வேறுபடும். ஒரே தொடரில் நான்கு இலாகாக்களின் பெயர் வருமாயின், அவர்கள் நால்வரும் ஒரே தாளைப் பார்க்கவேண்டிய அவசியம் அப்பொழுதே புலனாகும்.

3. அம்புக் குறி நீர் செல்லும் திசையைக் காட்டுக. சில இடங்களில் இரு திசையும் உண்டு. அடையாறு உயர்ந்து நிற்குங்கால், அதில் வந்து விழும் கால்வாய்களின் நீர் இறங்க வழியின்றி எதிரேறும். அத்தகைய இடத்தில் இரட்டை அம்பு இடுக.

4. நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்ட தொடர்பை முழுக் கோட்டாலும், சொல்லக் கேட்டதை மட்டும் புள்ளிக் கோட்டாலும் வரைக. புள்ளிக் கோடுகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து முழுக் கோடாக்குதல், அல்லது அழித்தல், கோடைக்கால வேலையாக இருக்கட்டும்.

5. நிலைமை எழுதும்போது தேதியும், மழைக்காலமாயின் நேரமும், பார்த்தவரின் பதவியும் எழுதுக. தேதியில்லாத பச்சை வர்ணம் சிவப்பைக் காட்டிலும் அபாயமானது. ஏனெனில் அது கவலையின்றி உறங்கச் செய்யும்.

6. ஜில்லா முழுவதையும் ஒரே தாளில் அடக்க முயலவேண்டாம். கணிப்பொறித் துறையார் முதலில் செய்த பிழை அதுவே. ஆயிரம் வட்டங்களும் ஐயாயிரம் கோடுகளும் கூடிச் சிலந்தி வலைபோலாகி ஒருவருக்கும் பயன்படாமற்போயின. பின்னர், ஓர் உறுப்பை நடுவில் வைத்து, அதற்கு மேல் இரண்டு படி, கீழ் இரண்டு படி மட்டும் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. ஓர் ஊருக்கும் அவ்வளவே போதும். பக்கத்து ஊரின் தாள் இதனோடு பொருந்துமாறு எல்லையிலுள்ள உறுப்புக்களுக்கு இரு ஊராரும் ஒரே பெயரை வழங்குவாராக.

மாற்றத்திற்கு முன் படம் பார்த்தல்

நிலைமையை அறிவது இப்படத்தின் பாதிப் பயனேயாகும். மற்றப் பாதி, மாற்றம் செய்யுமுன் விளைவை அறிதல். கணிப்பொறித் துறையில், ஒழுங்கான அலுவலகங்களில், சார்புப் படத்தைப் பார்த்து அதனால் பாதிக்கப்படுவோர் யாவர் என்று குறித்துக்கொள்ளாமல் எந்த இயந்திரத்திலும் கை வைக்க உத்தரவு தரப்படுவதில்லை. ஏரி விஷயத்திலும் அவ்வாறே ஆகவேண்டும். நீர் நிறையத் தங்கட்டும் என்று கலங்கலின்மேல் மணல் மூட்டை அடுக்குதல், சாலையை அகலப்படுத்துங்கால் சிறுபாலத்தை நீட்டுதல், வாய்க்காலைச் சிமெண்டால் கட்டி மூடுதல், மதகை நிரந்தரமாக அடைத்தல் ஆகிய ஒவ்வொன்றும் செய்பவருக்குச் சிறிய காரியம். அம்பின் மறுமுனையில் இருப்பவருக்கு அது பெரிய காரியமாகலாம்.

செப்பனிடும் வரிசையும் இதனால் தெளிவாகும். 2017 மார்ச்சு மாதத்தில் குடிமராமத்துத் திட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கப்பட்டது. அத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் மேலேயுள்ள வாய்க்கால்களை முதலில் அகலமாக வெட்டிவிட்டு, கீழேயுள்ள போக்குக்காலை மறு ஆண்டுக்கு ஒத்திவைத்தால், முன்னர் மெதுவாக வந்த நீர் விரைந்து வந்து, போக வழியின்றித் தேங்கும். வடிகால் வேலை கடைசியினின்று மேல்நோக்கிச் செல்லவேண்டும். படம் பார்ப்பவருக்கு எது கடைசி என்பது தெரியும்.

சில ஆட்சேபங்கள்

இவையெல்லாம் ஊரார் மனப்பாடமாக அறிந்தவை, எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். அறிந்திருந்தது உண்மையே. நீர்க்கட்டிக்கு ஒவ்வொரு கன்னியும் ஒவ்வொரு மடையும் தெரியும். மணியக்காரருக்கும் கர்ணத்திற்கும் தலைமுறை தலைமுறையாக ஊர் தெரியும். ஆனால் அப்பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் 1980-ல் எடுபட்டன. இப்பொழுதுள்ள கிராம நிர்வாக அலுவலர் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்பவர். அவர் வரும்போது அ-பதிவேடும் அடங்கலும் கைக்கு வருகின்றன. ஏரியின் சுபாவம் கைக்கு வருவதில்லை. மனத்தில் இருந்த படம், அந்த மனிதரோடு போய்விடுகின்றது. அதைத் தாளில் இறக்குவதற்கு முதியோர் இருக்கும் காலமே காலம்.

வானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் இருக்கையில் கைப்படம் எதற்கு என்பது மற்றோர் ஆட்சேபம். அப்படங்கள் நீர்ப்பரப்பை நன்கு காட்டுகின்றன. மூடிய சாலையின் அடியில் சிறுபாலம் அடைபட்டிருப்பதையும், மதகின் பலகை உடைந்திருப்பதையும், சாவி யாரிடம் இருக்கின்றது என்பதையும் அவை காட்டா. இரண்டும் சேர்ந்தே முழுமை பெறும்.

தவறான படம் படமின்மையினும் தீது என்பது மூன்றாவது. இதில் உண்மையுண்டு. கணிப்பொறித் துறையிலும், பெரும் பொருட்செலவில் வரையப்பட்ட படங்கள் புதுப்பிக்கப்படாமையால் ஒருவரும் நம்பாத காகிதங்களாயின. அதற்குப் பரிகாரம் படத்தைக் கைவிடுவதன்று. படத்தைச் சிறிதாக வைத்து, தேதியிட்டு, ஆண்டுக்கு இருமுறை, அதாவது கோடையில் ஒருமுறையும் மழைக்குமுன் ஒருமுறையும், நடந்து சரிபார்ப்பதே பரிகாரமாகும்.

வெள்ளத்திற்கு மட்டுமே இது உதவும் என்றும் நினைக்கவேண்டாம். 2019 ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் எடுக்கப்பட்டதை யாவரும் அறிவர். பெய்த மழை எந்த இடத்தில் தடைப்பட்டு ஏரிக்கு வராமற்போயிற்று என்று அறிவதற்கும் இதே படமே சாதனம். மிகுதியும் குறைவும் ஒரே தொடரின் இரு நோய்கள்.

முடிவுரை

பீர்க்கன்கரணையில் நஞ்சை மறைந்தது; அதைக் கண்டு மேலேயுள்ள கிராமத்தார் தங்களுக்கும் அதற்கும் என்ன என்றிருத்தல் தகாது. இன்று ஆதனூரிலும் மணிமங்கலத்திலும் உழும் நிலம் நாளை மனையாகலாம், ஆகாமலும் இருக்கலாம். எவ்வாறாயினும் நீர் தன் வழியை மறப்பதில்லை. அவ்வழியை மனிதர் மறவாதிருப்பதற்குரிய எளிய சாதனம் ஒரு தாளும் சில கோடுகளுமே. கிராம நிர்வாக அலுவலர்கள் புல எண் வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துத் தரவேண்டும். நிலமுடையோர் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து கோடுகளை உறுதி செய்யவேண்டும். நீர்வள இலாகாவார் தினந்தோறும் சேகரிக்கும் ஏரி நிலைமையைத் தொகையாக மட்டுமன்றித் தொடர் தொடராகவும் வெளியிடவேண்டும். இம்மூவரும் கூடினால் ஒரு பருவத்திற்குள் ஓர் அடையாற்று வடிநிலத்தையேனும் முற்றும் வரைந்துவிடலாம். ஐப்பசி மழை பிறப்பதற்குமுன், ஆடி, ஆவணி மாதங்களில் கால்வாய்கள் உலர்ந்து நடக்கத் தக்கவையாயிருக்கும்பொழுதே இதனைத் தொடங்குவார்களாக.